எல்லோர் கஷ்டத்தையும் கேட்கிறேன்; வேலை மட்டும் நடக்கவில்லை

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆலோசனை உளவியல் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன ஆகஸ்டிலிருந்து எங்கள் துறையின் முனைவர் பட்ட மாணவர் சங்கத்துக்குத் தலைவராக இருக்கிறேன். மே மாதத்தோடு பதவிக்காலம் முடிகிறது. செயற்குழுவில் என்னோடு சேர்த்து ஆறு பேர். இரண்டு பேர் ஒப்புக்கொண்ட எதையும் செய்வதில்லை. கேட்டால் அவரவர் கஷ்டத்தைச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, அந்த வேலையையும் நானே செய்துவிடுகிறேன். ஒரு மணி நேரக் கூட்டம் இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. எதையும் முடிவு செய்யாமல் கலைகிறோம். முதலாமாண்டு மாணவி ஒருவர், தன் ஆய்வு வழிகாட்டி தன்னிடம் நடந்துகொள்ளும் விதம் சங்கடமாக இருக்கிறது என்று சொல்லி, “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்றார். சரி என்றேன். அதே வாரம் எங்கள் பயிற்சி இயக்குநர், “மாணவர்கள் எப்படி இருக்கிறார்கள்? யாராவது தடுமாறுகிறார்களா?” என்று கேட்டார். மழுப்பிவிட்டு வந்தேன். என் ஆய்வுத் திட்ட வரைவு நான்கு மாதமாக நகரவில்லை. ராஜினாமா செய்துவிடலாமா? ஆறு பேரை நடத்தத் தெரியாத நான் ஆலோசகராகத்தான் எப்படி ஆவேன்? பின்குறிப்பு: இந்தப் பொறுப்பை, பட்டம் பெறும் முன் முடிக்க வேண்டிய இன்டர்ன்ஷிப் பயிற்சிக்கான விண்ணப்பத்தில் எழுதினால் பயன் உண்டா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த முதலாமாண்டு மாணவி. மற்றவை ஒரு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.

“யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று அவர் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டீர்கள். பிராக்டிகத்தில், அதாவது மேற்பார்வையோடு ஆலோசனை தரும் களப் பயிற்சியில், உங்கள் முன் முதல் முறையாக வந்து உட்காரும் ஒருவரிடம் இப்படிச் சொல்வீர்களா? மாட்டீர்கள். எதை ரகசியமாக வைத்திருப்பேன், எந்தச் சூழலில் வைத்திருக்க முடியாது என்பதை அவர் வாய் திறக்கும் முன்பே சொல்லியிருப்பீர்கள், எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருப்பீர்கள். சங்கத் தலைவராக இருந்தபோது அந்தப் பழக்கம் உங்களை விட்டுப் போய்விட்டது. பரிவு மட்டும் கூட வந்தது. உங்கள் கடிதம் முழுக்க எனக்குத் தெரிவது இந்த ஒன்றுதான். நம் படிப்பு கற்றுத் தருவதில் பாதி, மனம் கொடுத்துக் கேட்பது. மறு பாதி, அந்தக் கேட்டலுக்கு வரம்பு கட்டுவது: நேரம், ஒப்பந்தம், ரகசியத்தின் எல்லை, மேற்பார்வை, முறையாக முடித்துவைப்பது. முதல் பாதியை அப்படியே சங்கத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். இரண்டாம் பாதி கிளினிக்கிலேயே தங்கிவிட்டது. சங்கத்தை நடத்த உங்களுக்கு அதிகம் தேவைப்படுவது அந்த இரண்டாம் பாதி.

இப்போது செய்ய வேண்டியது. நீங்கள் பாடம் நடத்தும் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ பல்கலைக்கழகத்திடம் ஊதியம் வாங்குகிறீர்களா? வாங்கினால், அந்த மாணவி சொன்னது பாலியல் தொந்தரவு என்ற வகையில் வருமானால், அதை அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கு இருக்கக்கூடும். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டத்தை ஒட்டி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று விதி வைத்திருக்கிறது. மாணவ உதவியாளர்களையும் அந்தக் கடமைக்குள் சேர்த்திருக்கும் இடங்கள் பல. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியை இன்றே படியுங்கள். புரியவில்லையா, டைட்டில் நைன் அலுவலகத்தில், யார் பெயரையும் சொல்லாமல், “இந்த வேலையில் இருப்பவருக்குத் தெரிவிக்கும் கடமை உண்டா?” என்று மட்டும் கேளுங்கள்.

அதன்பிறகு அந்த மாணவியைத் தனியாகப் பாருங்கள். இப்படிச் சொல்லலாம்: “அன்றைக்கு யோசிக்காமல் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் சொன்னது என் தவறு. இனி நீங்கள் மேற்கொண்டு சொல்வதற்கு முன், நான் எதைச் சொல்லாமல் இருக்க முடியும், எதை முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.” கூச்சமாகத்தான் இருக்கும். அவர் முகம் வாடக்கூடும். ஆனால் நடந்தது முழுவதையும் அவர் உங்களிடம் கொட்டிய பிறகு, சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இருக்கிறது என்று தெரிவிப்பதைவிட இது எவ்வளவோ மேல். கடமை உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்று தெரிந்தால் அதையும் மறைக்காமல் முதலில் அவரிடமே சொல்லுங்கள். எங்கிருந்தோ ஒரு மின்னஞ்சல் வந்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

ரகசியம் காக்க அதிகாரம் பெற்ற இடங்கள் பல வளாகங்களில் இருக்கின்றன: மாணவர் ஆலோசனை மையம், பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கும் அலுவலகம், சில இடங்களில் ஓம்பட்ஸ்மேன் எனப்படும் குறை கேட்கும் அலுவலகம். தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுங்கள், அவர் விரும்பினால் வாசல் வரை கூடப் போங்கள். அவர் சொல்வது, மாணவியின் வேலைக்குப் பேராசிரியர் தன் பெயரைப் போட்டுக்கொள்வது, ஓயாமல் வேலை வாங்குவது, பிறர் முன்னால் திட்டுவது போன்றவை என்றால் வழி வேறு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற துறைகளில் மாணவர் குறை தீர்க்கும் நடைமுறை எழுத்தில் இருந்தாக வேண்டும். உங்கள் மாணவர் கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துக் கொடுங்கள். தேர்வு அவருடையது. நீங்கள் விசாரிக்கப் போக வேண்டாம். அந்தப் பேராசிரியரிடம் முன்பு இருந்த மாணவர்களைத் தேடிப் பிடித்துக் கதை சேர்க்கவும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு தொடங்கும் அந்தத் துப்பறிதல் கடைசியில் அந்த மாணவியின் தலையில்தான் விடியும். பேச்சில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் மட்டும் யோசிக்கவே வேண்டாம்; கூடவே இருந்து 988 என்ற அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

அடுத்தது பயிற்சி இயக்குநர். அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டால் நீங்கள் மாணவர்களின் பிரதிநிதியாக இருக்க மாட்டீர்கள், தகவல் சொல்பவராக ஆகிவிடுவீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மாணவப் பருவத்தில் இதே பதவியில் இருந்தபோது, எனக்குப் பிடித்த பேராசிரியர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார். அக்கறையில்தான் சொன்னேன்: “இன்னார் கொஞ்சம் களைத்துப் போயிருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.” சில வாரங்களில் அந்த நண்பரின் ஆண்டு மதிப்பீட்டுப் பேச்சில் அந்தக் களைப்பு ஒரு குறையாக வந்து நின்றது. எங்கிருந்து போனது என்று அவர் ஊகித்துவிட்டார். படிப்பு முடியும் வரை என்னிடம் நன்றாகத்தான் பேசினார். மனம் விட்டு மட்டும் பேசவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் வலிக்கிறது.

அதனால் இயக்குநரிடம் நீங்களே நேரம் கேட்டுப் போய்ச் சொல்லுங்கள்: “தனி ஆட்களைப் பற்றி நான் பேச மாட்டேன். பலருக்கும் பொதுவாக இருக்கும் சிக்கல்களை, மாணவர்களிடம் சொல்லிவிட்டு, உங்களிடம் கொண்டுவருகிறேன்.” நல்ல இயக்குநர் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். அவருக்கும் இது தெரிந்த பாடம்தான். மாணவர்கள் தங்கள் சொந்த வாழ்க்கை விவரங்களை வெளியிட வேண்டும் என்று துறை கட்டாயப்படுத்துவதற்கு அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பின் 7.04ஆம் பிரிவு கடுமையான வரம்பு வைத்திருக்கிறது. அவரவர் வாயிலிருந்தே கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாததை, உங்கள் வாயிலிருந்து எப்படி வாங்கலாம்? இதே வாக்கியங்களை அடுத்த பொதுக்கூட்டத்தில் மாணவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு என்று தெரிந்துவிட்டால், இரு பக்கமும் துரோகம் செய்வது போன்ற அந்த உணர்வு பெருமளவு குறைந்துவிடும்.

இனி உங்கள் செயற்குழு. 1979இல் எட்வர்ட் போர்டின் எழுதிய கட்டுரையை முதலாமாண்டிலேயே படித்திருப்பீர்கள். ஆலோசகரும் வருபவரும் சேர்ந்து வேலை செய்யும் உறவுக்கு மூன்று கால்கள் என்றார் அவர்: இருவருக்கும் இடையிலான பிணைப்பு, எதை நோக்கிப் போகிறோம் என்பதில் ஒப்புதல், அதற்கு யார் என்ன செய்வது என்பதில் ஒப்புதல். உங்கள் ஆறு பேரை இதை வைத்துப் பாருங்கள். பிணைப்பு இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. இந்த ஆண்டு இந்தச் சங்கம் எதைச் செய்து முடிக்க வேண்டும் என்று கேட்டால் ஆறு பேரும் ஒரே பதிலைச் சொல்வார்களா? இந்த மாதம் யார் எதைச் செய்ய வேண்டும் என்று எங்காவது எழுதி இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் சங்கம் என்ன செய்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், வேலையைப் பற்றி எழுதவில்லை. குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. உங்கள் கவனம் முழுவதும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் மே மாதத்துக்குள் முடிக்க வேண்டியவை என்று இரண்டு அல்லது மூன்று காரியங்களை மட்டும் ஆறு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்துத் திரும்பிய மூத்த மாணவர்களை அழைத்து ஒரு மாலை பேசவைப்பது, புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு கையேடு, பேராசிரியர் கூட்டத்தில் வைக்க ஒரே ஒரு கோரிக்கை. மற்றவற்றை இந்த ஆண்டுக்கு விட்டுவிடுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சங்கம் வருஷாவருஷம் செய்துவந்த ஏதோ ஒரு நிகழ்ச்சி இந்த முறை நடக்காமல் போகலாம். போகட்டும். இதுவரை அது விழாமல் இருந்ததற்குக் காரணம் நீங்கள் இரவில் தூங்காமல் தாங்கிப் பிடித்ததுதான். விழுந்தால்தான் அதற்கு ஆள் தேவை என்பது மற்ற ஐந்து பேருக்கும் தெரியும்.

கூட்டம் ஐம்பது நிமிஷம். கிளையன்ட் கண்ணீரோடு இருக்கும்போதுகூட நேரத்துக்கு முடிக்கத் தெரிந்தவர் நீங்கள். முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்பே நேரத்தை நினைவூட்டுவது, புதிதாக எதையும் திறக்காமல் சுருக்கிக்கொண்டு வருவது, இதெல்லாம் உங்கள் கைக்கு வந்த வித்தை. அதையே இங்கே செய்யுங்கள். கடைசிப் பத்து நிமிஷத்தில் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதுங்கள். யாராவது மனபாரத்தோடு வந்திருந்தால், “இது முக்கியம், கூட்டம் முடிந்ததும் பேசுவோம்” என்று சொல்லலாம். கூட்டம் முடிந்ததும் கால் மணி நேரம் பேசுங்கள். அதற்கு மேல் அவருக்கு என்ன தேவைப்படுகிறதோ அதைத் தர வேண்டியவர் நீங்கள் அல்ல.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்களோடு ஒரே வகுப்பில் படிப்பவருக்கு, ஒரே குழுவில் வேலை செய்பவருக்கு, நாளை உங்களோடு இன்டர்ன்ஷிப்புக்குப் போட்டியிடப் போகிறவருக்கு நீங்கள் ஆலோசகராக இருக்க முடியாது. ஒருவரோடு இரட்டை உறவு வைத்துக்கொள்வதைப் பற்றி நெறிமுறைத் தொகுப்பின் 3.05ஆம் பிரிவு பேசுவது தொழில்முறை உறவுகளைத்தான். நண்பர்களுக்கிடையிலான பேச்சை அது தடுப்பதில்லை. ஆனால் அந்தப் பிரிவு எதற்குப் பயப்படுகிறதோ அதுதான் உங்களுக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய கதையெல்லாம் தெரிந்த பிறகு, “நீங்கள் ஒப்புக்கொண்டதைச் செய்யவில்லை” என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. கஷ்டத்தைக் கேட்டு முடித்ததும் வேலையைக் கேட்கும் உரிமை போய்விடுகிறது.

அந்த இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். குழு முன்னால் வேண்டாம். காரணம் கேட்காதீர்கள், கேட்டால் மறுபடியும் கதைக்குள் போய்விடுவீர்கள். “இந்த செமஸ்டரில் உங்களால் எவ்வளவு முடியும்? வாரம் ஒரு மணி நேரமா, இரண்டா, இல்லை ஒன்றுமே முடியாதா? எந்தப் பதிலாக இருந்தாலும் சரி, உண்மையாகச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.” இவ்வளவுதான். ஒருவர் முடியாது என்று சொல்லி விலகினால், அவருக்கு நீங்கள் பெரிய நன்மை செய்திருக்கிறீர்கள். வாரத்தில் பாதி நாள் பிராக்டிகம், வகுப்புகள், உதவியாளர் வேலை எல்லாம் சேர்ந்தால் ஒரு மனிதருக்கு என்ன மிஞ்சும் என்று நமக்குத் தெரியும். செய்யாத வேலையின் குற்ற உணர்வோடு உங்கள் கண்ணில் படாமல் சுற்றுவதுதான் அவருக்கு இன்னும் பெரிய சுமை. நிபந்தனையற்ற ஏற்பு பற்றி கார்ல் ராஜர்ஸ் 1957இல் எழுதியது மனிதரை ஏற்றுக்கொள்வது பற்றி. செய்யாத வேலையைச் செய்ததாக ஏற்றுக்கொள்ள அவர் சொல்லவில்லை.

பேசிய பிறகு குழுவில் கொஞ்சம் உரசல் வரும். குழுக்கள் எப்படி வளர்கின்றன என்று புரூஸ் டக்மன் 1965இல் வகுத்துக் காட்டியபோது, ஒன்றுகூடியதற்கு அடுத்த கட்டமாகவே மோதலை வைத்தார். ஒழுங்கும் வேலையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. உங்கள் குழு ஆகஸ்டிலிருந்து மோதலே இல்லாமல் இருக்கிறது. எல்லோருடைய கோபத்தையும் நீங்கள் ஒருவரே உறிஞ்சிக்கொண்டிருப்பதால் என்றுதான் நினைக்கிறேன். இந்தக் கேட்கும் வேலை மாணவர் குழுக்களில் பெண்கள் மேலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மேலும் வந்து சேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் குழுவிலும் அப்படியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? சூப்பர்வைசர் இல்லாமல் ஒரே ஒரு கிளையன்ட்டைக்கூட நீங்கள் பார்ப்பதில்லை. ஐந்து சகாக்களை, ஒரு துறையின் மாணவர்கள் அத்தனை பேரை, ஐந்து மாதமாகத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். சங்கத்துக்கு ஆலோசகராக ஒரு பேராசிரியர் இருந்தால், உங்களை மதிப்பிடும் பொறுப்பு அவரிடம் இல்லையென்றால், மாதம் ஒரு அரை மணி நேரம் அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் இதற்கு முன் தலைவராக இருந்தவரைத் தேடிப் பிடியுங்கள். அவருக்கு உங்கள் நிலைமை ஒரு வாக்கியத்தில் புரிந்துவிடும்.

ஆய்வுத் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மிச்ச நேரத்தில் அது எழுதப்படாது. வாரத்தில் எந்த இரண்டு காலைப் பொழுதுகள் உங்களுடையவை என்று முடிவு செய்து, அவற்றைக் கிளையன்ட் நேரம்போல அட்டவணையில் போடுங்கள். சங்கச் செய்திகளுக்கு வாரம் இரண்டு முறை பதில் சொல்வேன் என்று குழுவிடம் அறிவித்துவிடுங்கள்.

ராஜினாமா? உடனே வேண்டாம் என்பது என் கருத்து. மேலே சொன்னவற்றை ஒரு மாதம் செய்து பாருங்கள். ஆனால் இதற்கு ஒரு எல்லையும் வைக்கிறேன். ஆய்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றால்தான் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பல துறைகளில் விதி. விண்ணப்பங்கள் போவது இலையுதிர் காலத்தில். உங்கள் துறையிலும் அப்படியென்றால், மார்ச் முடியும்போதும் வரைவு வழிகாட்டியின் கைக்குப் போகவில்லை என்றால் விலகிவிடுங்கள். அப்படி விலகுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு இருக்கவும் வேண்டாம்.

விலகினாலும் மே வரை இருந்தாலும், முடித்துவைப்பதை இன்றிலிருந்தே தொடங்குங்கள். மாணவர் சங்கங்களின் பலவீனம் மறதி. ஒவ்வொரு ஆண்டும் எல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 17ஆம் பிரிவு ஆலோசனை உளவியலுக்கானது. அதன் மாணவர் அமைப்பை ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் சில ஆண்டுகள் நடத்திவிட்டு இன்னொரு பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். ஊர் விட்டு ஊர் போகும் பொறுப்பு என்பதால் எழுதி வைக்காமல் அங்கே ஒன்றும் நடக்காது. உங்களுடையது ஒரே வளாகத்தில் இருந்தாலும் அதே கவனத்தோடு எழுதுங்கள்: பணம் எங்கே இருக்கிறது, எந்த மாதம் எந்தப் படிவம், யாரிடம் அறை கேட்பது, எந்த நிகழ்ச்சிக்கு உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள். யாருடைய சொந்தக் கதையும் அந்தக் கோப்பில் இருக்கக் கூடாது. ஏப்ரலில் புதியவரை உட்கார வைத்து இரண்டு கூட்டங்களை அவர் நடத்தட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

ஆறு பேரை நடத்தத் தெரியாதவர் ஆலோசகராக முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். இரண்டும் வேறு வேலைகள். அருமையான ஆலோசகர்கள் சிலர் ஒரு கூட்டத்தை முடிக்கத் தெரியாமல் திணறுவதை என் துறையில் பார்க்கிறேன். ஆனால் எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. ஒருவர் கஷ்டத்தைச் சொன்னதும் அவருடைய வேலையையும் சேர்த்து உங்கள் தோளில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் கிளினிக்கிலும் இருக்கிறதா? நேரம் தாண்டிப் போகும் அமர்வுகள், கிளையன்ட்டுக்காக நீங்களே எழுதித் தரும் மின்னஞ்சல்கள், இரவில் வீட்டுக்கு வந்தும் விடாத முகங்கள்? இருந்தால் அதை உங்கள் சூப்பர்வைசரிடம் இந்த வாரமே பேசுங்கள். இந்தத் தொழிலில் நல்லவர்கள் பலர் ஐந்தாறு வருஷத்தில் கருகிப் போவது இந்த வழியாகத்தான்.

பின்குறிப்புக்கு வருகிறேன். நீங்கள் சங்கத்துக்குச் செலவழித்த நேரம் கிளையன்ட் நேரமாகக் கணக்கில் வராது. சுயவிவரத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். விண்ணப்பத்தோடு கேட்கும் கட்டுரைகள் வேறு. ஐநூறு சொற்களுக்குள் எழுதச் சொல்வார்கள். தலைவராக இருந்து என்னென்ன சாதித்தேன் என்று அடுக்குபவர்கள் நிறைய. தேர்வுக் குழுவில் உட்கார்ந்து படிக்கிறவளாகச் சொல்கிறேன்: யோசிக்காமல் ஒரு வாக்குக் கொடுத்தேன், அதைத் திருத்த அந்த நபரிடமே திரும்பிப் போனேன் என்று ஒருவர் எழுதினால் நான் அந்தக் கோப்பை மூடாமல் கையில் வைத்திருப்பேன். அந்த மாணவி யார் என்று யாரும் ஊகிக்க முடியாதபடி எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், எழுத வேண்டாம்.